மலையில் தங்கிய மருத்துவம்

நுழையும்முன்

மருத்துவம் படிக்க விரும்பும் மாணவரிடம் காரணம் கேட்டால், ஏழை எளியோருக்குத் தொண்டு செய்வதற்காக என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். எங்கே, யாருக்கு, எத்தனை நாள் என்னும் மூன்று கேள்விகள் அந்த விடைக்குள் ஒளிந்திருக்கின்றன. ஏற்காட்டில் தொடங்கிச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு வரை செல்லும் இக்கட்டுரை அக்கேள்விகளைப் பின்தொடர்கிறது.

*

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதற்குள் 20 கொண்டையூசி வளைவுகள். சனிக்கிழமை காலையில் மேலேறும் வண்டிகளில் இருப்போர் ஒவ்வொரு வளைவையும் எண்ணி மகிழ்கின்றனர். ஞாயிறு மாலையில் அவ்வண்டிகள் கீழிறங்குகின்றன. ஏரியில் படகு ஓட்டியதும், பகோடா முனையில் நின்று சேலம் நகரத்தைக் கண்டதும், ஒரு பொட்டலம் மிளகும் காப்பித்தூளும் வாங்கியதும் அவர்களுக்கு இரண்டு நாள் நினைவுகள். மலை அவர்களை வரவேற்று, அனுப்பிவைத்து, திங்கட்கிழமை தன் வேலைக்குத் திரும்புகிறது.

அதே வளைவுகளைப் பேறுகால வலியோடு இறங்கும் பெண்ணுக்கு அவை எண்ணி மகிழத்தக்கவை அல்ல. ஒவ்வொரு திருப்பத்திலும் அவளது உடல் ஒருமுறை புரளும். ஏற்காடு நகரத்திலேனும் தார்ச்சாலையும் அரசு மருத்துவமனையும் உள்ளன. நகரத்துக்கு அப்பால், காப்பித் தோட்டங்களைக் கடந்து, சரிவுகளிலும் மடிப்புகளிலும் சிதறிக்கிடக்கும் சிற்றூர்கள் பல. சாலை எட்டாத காலத்தில் அங்கிருந்து நோயாளியைக் கீழே கொண்டுவர ஒரே வழிதான் இருந்தது. நீண்ட மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டுவார்கள். நோயாளியை அதில் கிடத்தி, முன்னும் பின்னுமாக இருவர் தோள் கொடுப்பார்கள். மாற்றுத் தோளுக்கு இன்னும் நால்வர் உடன் நடப்பார்கள். மழை நாளென்றால் பாறை வழுக்கும். இரவென்றால் தீப்பந்தம் பிடிக்க ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். சாலைகள் பெருகிவிட்ட இன்றும் தமிழகத்தின் ஏதேனும் ஒரு மலையூரிலிருந்து அத்தகைய தூளிப் பயணத்தின் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

இம்மலையின் பழைய குடிகள் மலையாளிகள் எனப்படுவோர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயரளவிலன்றி வேறு தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்பதே பெயரின் பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் என்றும், அவர்கள் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் இவர்கள் வழிவழியாகக் கதை சொல்வர். சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன், சித்தேரி எனத் தொடர்மலைகள் எங்கும் இவர்களே பரவி வாழ்கின்றனர். ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்குப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. சாமை, தினை, கேழ்வரகு விளைவித்து, காட்டில் தேனும் கிழங்கும் சேர்த்து வாழ்ந்த மக்கள். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைப் பயிரிட்டார். அதன்பின் தோட்டங்கள் பெருகின. நிலத்துக்கு உரியோர் பலர் தோட்டக் கூலிகள் ஆயினர். மலையின் குளிர்ச்சி உடல்நலத்துக்கு உகந்தது என்று எண்ணி வெள்ளையர் மாளிகைகள் எழுப்பினர். உடல்நலம் தேடிப் பிறர் வந்து சேர்ந்த மலையிலேயே, அம்மலைக்குரியோர் உடல்நலம் தேடிக் கீழே இறங்க வேண்டியிருந்தது. வரலாற்றின் இத்தகைய கேலிகளுக்கு ஏற்காடு மட்டுமே இடமன்று.

மலையூர்களுக்கு மருத்துவம் முதலில் சென்று சேர்ந்தது பெரும்பாலும் முகாம் வடிவில்தான். ஒரு முகாம் நாள் எப்படியிருக்கும் என்பதை மலையூரார் எவரும் சொல்வர். பள்ளிக்கூட வகுப்பறைகள் மருத்துவ அறைகளாகும். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் நீண்ட வரிசை. மருத்துவர் களைக்காமல் பார்க்கிறார். மாணவத் தொண்டர்கள் வியர்க்க வியர்க்க மாத்திரை எடுத்துக் கொடுக்கின்றனர். அறுபது வயது முதியவர் ஒருவருக்கு இரத்த அழுத்தம் மிகுதி எனத் தெரியவருகிறது. பத்து நாள் மாத்திரை அவர் கையில் வைக்கப்படுகிறது. நாளும் தவறாமல் சாப்பிடுங்கள் என்று அறிவுரையும் சொல்லப்படுகிறது. மாலையில் ஊரார் கொடுத்த பலாப்பழத்தோடு வண்டி இறங்குகிறது.

பதினோராம் நாள் அம்முதியவர் என்ன செய்வார்?

முகாமுக்கு வந்தோரின் நல்லெண்ணத்தில் குறை காண்பதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வைத் துறந்து மலையேறியவர்கள் அவர்கள். ஆனால் இரத்த அழுத்தமும் நீரிழிவும் பத்து நாளில் தீரும் நோய்களல்ல. வாழ்நாள் முழுதும் உடன்வருபவை. மகப்பேறு முகாமின் தேதியைப் பார்த்து நிகழ்வதில்லை. குழந்தையின் வயிற்றுப்போக்கு அடுத்த ஞாயிறு வரை காத்திராது. வந்துபோகும் மருத்துவத்தால் நோயின் பெயரைச் சொல்ல முடியும். நோயாளியோடு இருக்க முடியாது.

இக்குறை நம் மலைகளுக்கு மட்டும் உரியதன்று. செல்வ நாடுகளின் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் ஆண்டுதோறும் ஒரு வாரமோ இரு வாரமோ ஆப்பிரிக்காவுக்கும் நடு அமெரிக்காவுக்கும் ஆசிய நாடுகளுக்கும் தொண்டுப் பயணம் செல்கின்றனர். விமானக் கட்டணத்துக்குச் செலவாகும் தொகையில் உள்ளூர்ச் செவிலியர் ஒருவருக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்கலாமே என்னும் கேள்வியை இப்போது அந்நாட்டு மருத்துவர்களே எழுப்புகின்றனர். மொழி தெரியாத மருத்துவர் எழுதித்தந்த மருந்துச்சீட்டை, அவர் ஊர் திரும்பியபின் யாரிடம் காட்டுவது? அறுவைக்குப் பின் தையல் பிரிந்தால் யார் பார்ப்பது? பயணம் சென்றவரின் படத்தொகுப்பில் இக்கேள்விகளுக்கு இடமில்லை.

எனினும் முகாம் என்றாலே வீண் என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. முகாமுக்கு ஏற்ற நோய்களும் உண்டு. கண்புரை அத்தகையது. ஒருமுறை அறுவை செய்தால் பார்வை திரும்பிவிடும். 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 58-ஆம் வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் மருத்துவர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டவர் அவர். அவர் வளர்த்த முறையில் ஊருக்குச் செல்லும் முகாம் கண்டறிவதோடு நின்றது. அறுவை தேவைப்படுவோர் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உணவும் படுக்கையும் தந்து, அறுவை முடித்து, ஊரில் கொண்டுவந்து விடப்பட்டனர். பின்னர்ச் சரிபார்க்கவும் ஆட்கள் வந்தனர். அங்கே முகாம் ஒரு வாயிற்படி. அதற்குப் பின்னால் முழு வீடும் இருந்தது. வீடில்லாமல் வாயிற்படி மட்டும் நட்டுச் செல்வதில்தான் சிக்கல்.

தமிழகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவர்களுள் மிகப் புகழ்பெற்றவரின் வாழ்வும் இதையே காட்டுகிறது. 1870-இல் இராணிப்பேட்டையில் அமெரிக்க மருத்துவக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஐடா ஸ்கட்டர். இளமையில் இந்நாட்டில் தங்கும் எண்ணமே அவருக்கில்லை. திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது ஓரிரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, பேறுகாலத்தில் துடிக்கும் தம் மனைவியருக்கு உதவ வருமாறு அவரை அழைத்தனர். ஆண் மருத்துவர் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூவரும் இறந்துவிட்டிருந்தனர். அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். அவருடைய பணிகளுள் பெரிய மருத்துவமனையைப் பற்றியே எல்லோரும் பேசுவர். ஆனால் அவர் நடத்திய சாலையோர மருத்துவத்தை இங்கே சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் வழியில் குறிப்பிட்ட மரங்களின் நிழலில் குறிப்பிட்ட கிழமைகளில் வண்டி நிற்கும். நோயாளிகள் காத்திருப்பார்கள். சென்ற வாரம் கட்டிய புண்ணை இந்த வாரம் அவிழ்த்துப் பார்க்கலாம். ஆறியிருந்தால் மகிழலாம், ஆறாவிட்டால் மருந்தை மாற்றலாம். அதே மரம், அதே கிழமை என்னும் வாக்குறுதியே அவர் எடுத்துச் சென்ற மருந்துகளுள் முதன்மையானது. 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது அவ்வாக்குறுதியை இம்மண்ணின் பெண்களிடமே ஒப்படைக்கவும் அவர் வழி செய்தார்.

மீண்டும் மலைக்கு வரலாம். சேர்வராயன் கோயில் அமைந்துள்ள உச்சி 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. அங்கிருந்து கிழக்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில், மலைக்கு அப்பால் மலையாக நீலம் அடுக்கியது போலத் தொடர்கள் தெரியும். இம்மலையில் பிறக்கும் வாணியாறு கிழக்கே இறங்கிப் பாப்பிரெட்டிப்பட்டியையும் அரூரையும் கடந்து தென்பெண்ணையில் சேர்கிறது. ஆற்றோடு அரூர்வரை சென்று, அங்கிருந்து தென்கிழக்கே திரும்பிக் கோட்டப்பட்டி வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கு விரிகிறது. அதன் பெயர் சிட்லிங்கி. சேர்வராயனில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியினரே இங்கும் பெரும்பான்மையினர். லம்பாடி மக்களின் தண்டாக்களும் உண்டு. மலைத்தொடர் ஒன்று, மக்கள் ஒருவர், துன்பமும் ஒன்றே. ஆனால் துன்பத்துக்கு எழுந்த விடை இங்கே வேறாக இருந்தது.

ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் இளம் மருத்துவ இணையர், திண்டுக்கல் அருகே காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றினர். 1947-இல் மருத்துவர் சௌந்தரம் இராமச்சந்திரன் தொடங்கிய நிறுவனம் காந்திகிராமம். அங்கே நெடுந்தொலைவிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவோரை அவர்கள் நாள்தோறும் கண்டனர். பெரும்பாலும் வயிற்றுப்போக்கு, சளிக்காய்ச்சல். தொடக்கத்திலேயே வீட்டருகில் எவரேனும் கவனித்திருந்தால் தீர்ந்திருக்கும் நோய்கள். வழியிலேயே வலுவிழந்து, மருத்துவமனைப் படியேறும்போது கைமீறிப் போயின. மருத்துவமனையில் எவ்வளவு திறமையாக உழைத்தாலும், தாம் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டுமே படிக்கிறோம் என்பது அவர்களுக்குப் புரிந்தது. முதற்பக்கம் எங்கே எழுதப்படுகிறதோ அங்கே போய் இருக்க வேண்டும்.

ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பார்த்தபின் 1993-இல் அவர்கள் சிட்லிங்கிக்கு வந்து சேர்ந்தனர். அப்போது பள்ளத்தாக்கில் மருத்துவமனை இல்லை. அறுவை செய்ய வசதியுள்ள இடம் வேண்டுமென்றால் சேலத்துக்குத்தான் போக வேண்டும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பேருந்துகளோ அரிது. பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்தன. எண்ணாகச் சொன்னால் மனத்தில் தங்காது. ஏழு தொட்டில்கள் கட்டினால் அவற்றுள் ஒன்று ஆண்டு திரும்புமுன் அவிழ்க்கப்பட்டது என்று கொள்ளலாம். அவ்வூர்த் தாய்மார்கள் தம் குழந்தைகளின் எண்ணிக்கையைச் சொல்லும்போது பெற்றது இத்தனை, தங்கியது இத்தனை என்று இரண்டு எண்களைச் சொல்லிப் பழகியவர்கள்.

பழங்குடியினர் நிலத்தைப் பிறர் வாங்க முடியாது. ஆகவே புறம்போக்கு நிலத்தில் மருத்துவமனை எழுந்தது. மருத்துவமனை என்பது பெரிய சொல். மண்தரையும் கூரை வேய்ந்த மேற்புறமும் கொண்ட குடிசை அது. ஊர்மக்களே கட்டித் தந்தனர். நண்பர்கள் அனுப்பிய பணத்தில் கருவிகள் வந்தன. ஒற்றை 100 வாட் விளக்கின் ஒளியில், மரப்பலகை ஒன்றின்மேல், மகப்பேறுகளும் சிறு அறுவைகளும் நடந்தன. லலிதா மகப்பேறு மருத்துவர். ரெஜி மயக்க மருந்து வல்லுநர். இந்தப் பொருத்தம் எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை மலைநாட்டில் இரவு வேளையில் குழந்தை குறுக்கே கிடந்து தவித்த தாயின் வீட்டார் அறிவர். மூன்றாண்டு குடிசையில் கழிந்தபின் 10 படுக்கை கொண்ட கட்டடம் உருவானது. இன்று அறுவை அரங்கும், பேறுகால அறையும், ஆய்வகமும், ஊடுகதிர் வசதியும் கொண்ட 35 படுக்கை மருத்துவமனையாக அது வளர்ந்துள்ளது.

கட்டடம் வளர்ந்த கதையை இத்துடன் விட்டுவிடலாம். கட்டடங்கள் எங்கும் வளர்கின்றன. சிட்லிங்கியின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது.

இரண்டு மருத்துவர்களால் ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் காக்க முடியாது. நகரத்துச் செவிலியர்கள் அங்கே வந்து தங்க விரும்பவில்லை. வந்தவர்களும் நிலைக்கவில்லை. ஆகவே உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவிப்பது என்று முடிவாயிற்று. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்கள், ஊரைவிட்டு வெளியே செல்லாதவர்கள் அவர்கள். இரத்த அழுத்தம் பார்க்கவும், ஊசி போடவும், மகப்பேறு பார்க்கவும், அறுவை அரங்கில் துணைநிற்கவும் அவர்கள் கற்றனர். இவர்களால் முடியுமா என்னும் ஐயம் படித்தவர்களுக்கே எழுந்தது. அவ்வையத்தை அப்பெண்கள் ஒவ்வொரு இரவுப் பணியிலும் கலைத்தனர். சொந்த மொழியில் நோயைக் கேட்டறிய முடிந்ததும், நோயாளியின் வீடும் வயலும் உறவும் அவர்களுக்குத் தெரிந்திருந்ததும் எந்தக் கல்லூரியும் தர முடியாத தகுதிகள்.

இவர்களோடு இன்னொரு வகையினரும் உண்டு. ஒவ்வோர் ஊரும் தன் பெண்களுள் ஒருவரைத் தேர்ந்து அனுப்பும். பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் மருத்துவச்சிக்கு இருக்கும் மதிப்பு அவர்களுக்கு இயல்பாக வாய்த்தது. அவர்கள் தம் ஊரிலேயே இருப்பர். கருவுற்ற பெண்களை மாதந்தோறும் பார்ப்பர். பச்சிளங்குழந்தையை எடை பார்ப்பர். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீர் தரக்கூடாது என்று பழைய வழக்கம் சொல்லும். அவர்கள் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை மடக்கு மடக்காகப் புகட்டக் கற்றுத்தருவர். பிறந்த குழந்தையைக் குளிர் தாக்காமல் தாயின் உடலோடு அணைத்து வைத்தல், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் ஊட்டுதல், தொப்புள்கொடியைத் தூய கருவியால் அறுத்தல். சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த இவ்வளவுதான் மருத்துவமனைக்குப் போகவேண்டிய தேவையையே பல வீடுகளில் இல்லாமல் ஆக்கியது. அயலார் சொன்னால் ஊர் தலையாட்டும், ஆனால் கேட்காது. 'அத்தை' என்று முறைசொல்லி அழைக்கப்படும் ஒருத்தி சொன்னால் கேட்கும். குழந்தை இறப்பு 1,000-க்கு 150 என்னும் நிலையிலிருந்து 20-ஐ ஒட்டிக் குறைந்தது.

இந்த அறிவு சிட்லிங்கியில் மட்டும் தோன்றியதன்று. மகாராட்டிரத்தின் ஜாம்கேடில் 1970-இல் மருத்துவ இணையரான ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே ஆகியோர் எழுத்தறியாச் சிற்றூர்ப் பெண்களை நலவாழ்வுப் பணியாளர்களாக்கினர். அதே மாநிலத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் ஆகியோர் 39 ஊர்களில் நடத்திய முயற்சி உலகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தது. அங்கே சிற்றூர்ப் பெண்கள் வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தைகளைப் பார்த்தனர். நோய்த்தொற்று கண்டால் உயிர்க்கொல்லிகளை எதிர்க்கும் ஊசியையும் தாமே போட்டனர். பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததை 1999-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. நம் நீலகிரியின் கூடலூரிலும் பழங்குடிப் பெண்கள் செவிலியராகிப் பழங்குடியினரின் மருத்துவமனையை நடத்துகின்றனர். 1978-இல் அல்மா அட்டா நகரில் கூடிய உலக மாநாடு, மக்கள் வாழும் இடத்துக்கும் உழைக்கும் இடத்துக்கும் இயன்றவரை அருகில் மருத்துவம் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. அருகில் என்னும் சொல்லைத் தொலைவாக மட்டும் பொருள்கொண்டோர் கட்டடம் கட்டினர். உறவாகவும் பொருள்கொண்டோர் ஆட்களை உருவாக்கினர்.

சிட்லிங்கியில் மருத்துவர்கள் தங்கியதால் மற்றொன்றும் நிகழ்ந்தது. வந்துபோகிறவரின் கண்ணில் நோய் மட்டுமே படும். தங்குகிறவரின் கண்ணில் நோயின் வேர்களும் படும். குழந்தைகள் எடை குறைந்து பிறப்பது ஏன்? தாயின் உணவு போதவில்லை. ஏன் போதவில்லை? சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் விற்பனைப் பயிர்கள் வந்தன. உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கடன் ஏறியது. வீட்டுப் பானையில் சிறுதானியம் குறைந்தது. இளைஞர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றனர். மாத்திரையால் தீர்க்கக்கூடியவை அல்ல இவை. ஆகவே உழவர்கள் ஒன்றுகூடி இயற்கை வேளாண்மைச் சங்கம் அமைத்தனர். சிறுதானியம் மீண்டும் விளைந்தது, விற்பனைக்கும் சென்றது. லம்பாடிப் பெண்கள் மறந்துகொண்டிருந்த தையற்கலையை மூதாட்டிகளிடமிருந்து மீட்டுக் கற்றனர். 'போர்கை' என்னும் பெயரில் அவர்கள் அமைத்த கைவினைக் குழுவின் பெயருக்கு அவர்கள் மொழியில் பெருமிதம் என்று பொருள். மருத்துவமனைக்குச் சென்றவர் ஊசிநூலையும் சாமைப் பொட்டலத்தையும் அங்கே கண்டால் வியப்படைவார். பள்ளத்தாக்கில் சில காலம் தங்கினால் வியப்பு நீங்கிவிடும்.

தங்குவது எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். தொண்டுப் பயணத்துக்குப் புகழ் உண்டு, படம் உண்டு, திரும்பிச் சென்று சொல்வதற்குக் கதை உண்டு. தங்குவோருக்கு நாள்தோறும் அதே இருமல், அதே காய்ச்சல், அதே கணக்கேடு. உடன்படித்தவர்கள் நகரத்தில் வீடும் வாகனமும் சேர்க்கும்போது இவர்கள் மலையடிவாரத்தில் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டும். எல்லோராலும் முப்பது ஆண்டுகள் ஓரிடத்தில் இருக்க முடியாது. இருக்கவேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தவும் இயலாது. சிட்லிங்கிக்கும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து இளம் மருத்துவர்கள் வந்து, சில மாதமோ சில ஆண்டோ பணிசெய்து, கற்றுச் செல்கின்றனர். வந்துபோவோர் அங்கேயும் உண்டு. அவர்கள் சென்றபின் அவர்கள் தொட்ட நோயாளி தனித்து விடப்படுவதில்லை என்பதே வேறுபாடு. விருந்தாளி புறப்பட்டாலும் அடுப்பு அணையாத வீடு அது. பத்து நாள் மட்டுமே கொடுக்க இயன்ற மருத்துவர் அப்பத்து நாளையும் அத்தகைய ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பாரானால், செவிலியர் ஒருவருக்குப் புதிய ஒரு செய்முறையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவாரானால், அப்பயணம் வீணாகாது.

அரசும் இப்பாதையில் நடக்கத் தொடங்கியுள்ளது. 2008-இல் 108 அவசர ஊர்தி வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே மாதந்தோறும் கொண்டுவரப்படுகின்றன. முகாமில் பத்து நாள் மாத்திரை பெற்றுத் திகைத்த முதியவருக்குப் பதினோராம் நாளைக்கான விடை ஒருவாறு கிடைத்துவிட்டது எனலாம். மலையூர்களில் அவ்விடை எல்லா வாசல்களையும் எட்டுகிறதா என்பது, சாலையையும் மழையையும் நடப்பவரின் கால்களையும் பொறுத்தது.

ஏற்காட்டில் ஞாயிறு மாலை. ஏரிக்கரைக் கடைகளில் விளக்கேற்றுகின்றனர். கீழே இறங்கும் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் வளைவு வளைவாக நகர்ந்து அடிவாரத்து இருளில் மறைகின்றன. மறுநாட் காலை, பனி விலகுமுன், கிராம சுகாதாரச் செவிலியர் எதிர்த்திசையில் கிளம்புகிறார். சாலை முடியும் இடத்தில் இறங்கிக் காப்பித் தோட்டத்து ஒற்றையடிப்பாதையில் நடக்கிறார். தோளில் ஒரு பை. அதில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, இரும்புச்சத்து மாத்திரைகள், குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு, பெயர்களும் தேதிகளும் எழுதிய ஒரு குறிப்பேடு. சரிவின் கீழே உள்ள மூன்றாவது வீட்டில் பிறந்து பதினான்கு நாளான குழந்தை ஒன்று இருக்கிறது. சென்ற திங்களன்று அதன் எடை குறைவாக இருந்தது.